ஒரு சாண் பலகையில் ஓர் ஏரி

ஒரு சாண் அகலம். அதைவிடக் கொஞ்சம் கூடுதலான நீளம். பலகை அவ்வளவுதான். இதற்குள் செம்பரம்பாக்கம் ஏரியைக் கொண்டுவந்துவிட வேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை வந்தது.

நான் ஓவியன் அல்ல. பள்ளிக்கூடத்தில் ஒரு முறை மாம்பழம் வரைந்தேன். டிராயிங் வாத்தியார் அதைப் பார்த்துவிட்டு, "பூசணிக்காய் பரவாயில்லை" என்றார். அதோடு தூரிகையைக் கீழே வைத்தவன் நான். இத்தனை வருஷம் கழித்து எதற்கு இந்த வேலை என்று கேட்கிறீர்களா? என் அத்தைக்காகத்தான்.

அத்தையின் வீடு அடையாற்றங்கரைப் பக்கம் இருக்கிறது. செம்பரம்பாக்கம் ஏரியின் உபரி நீர் அந்த ஆற்றில்தான் போய்ச் சேர்கிறது. 2015-ம் ஆண்டு டிசம்பர் 1-ந் தேதி இரவை அந்தப் பக்கத்து ஜனங்கள் யாரும் மறக்க மாட்டார்கள். அன்று ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை தண்ணீர் திறந்துவிடப்பட்டது. ஆறு ஊருக்குள் வந்தது. அத்தை வீட்டில் நெஞ்சளவு தண்ணீர். உயிர் பிழைத்தார்கள். ஆனால் கூடத்துச் சுவரில் மாட்டியிருந்த மாமாவின் படம் பிழைக்கவில்லை. தண்ணீர் வடிந்த பிறகு எடுத்துப் பார்த்தால் சட்டம் இருந்தது, கண்ணாடி இருந்தது, உள்ளே தாளும் இருந்தது. முகம் மட்டும் கரைந்து போய்விட்டது.

பிறகு உறவினர் வீட்டிலிருந்த கல்யாணப் படத்திலிருந்து நகல் எடுத்தார்கள். அதை உத்தரத்தை ஒட்டி உயரத்தில் மாட்டினார்கள். சுவரில் தண்ணீர் நின்ற இடத்தில் ஒரு பழுப்புக் கோடு. இரண்டு தடவை வெள்ளை அடித்தாயிற்று. மழைக்காலம் வந்தால் அந்தக் கோடு மெல்ல மெல்ல வெளியே வந்துவிடுகிறது. கோட்டுக்குக் கீழே அத்தை எதையும் மாட்டுவதில்லை. வெறும் ஆணிகள்தான்.

அந்த வெறுஞ்சுவருக்கு ஒரு படம் கொடுக்க வேண்டும் என்று நினைத்தேன். தண்ணீர் பட்டால் முகம் கரையாத படம்.

ஏரியின் மூன்று முகங்கள்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பெங்களூர் சாலையில் பூந்தமல்லியைத் தாண்டிச் செம்பரம்பாக்கம் போய் இறங்கினேன். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளுக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு பஸ்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. ஞாயிற்றுக்கிழமை என்றாலும் ஷிப்டு ஷிப்டுதானே! ஜன்னலோரம் சாய்ந்து தூங்கும் முகங்கள். சாலையின் இரைச்சலை விட்டுக் கரைப்பக்கம் போனால் சத்தம் அடங்கிவிடுகிறது. நான் போன அன்று கண்ணுக்கு எட்டிய மட்டும் தண்ணீர். அலைகூட அடித்தது.

இந்த ஏரி நிறைந்தால் 24 அடி. அப்போது அதில் 3,645 மில்லியன் கன அடி தண்ணீர் நிற்கும். சென்னை நகரத்தின் குடத்தில் விழும் தண்ணீரில் ஒரு பங்கு இங்கிருந்துதான் போகிறது. 2015-ல் பொங்கி ஊரை முழுகடித்த அதே ஏரி, நாலே வருஷத்தில், 2019 கோடையில், தரை தெரிய வறண்டது. பூண்டி, சோழவரம், புழல் ஏரிகளும் கூடவே வறண்டன. அந்த ஜூலை 12-ந் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரெயிலில் தண்ணீர் வந்தது நினைவிருக்கும். வெள்ளத்தில் வீட்டை இழந்த அத்தை, அந்த வருஷம் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு வரிசையில் நின்றார். "அன்றைக்கு வேண்டாம் வேண்டாம் என்றபோது வந்தது, இன்றைக்கு வா வா என்றால் வரமாட்டேன் என்கிறது" என்று அப்போது சொன்னார்.

2020 நவம்பர் 25-ந் தேதி நிவர் புயல் மழையில் ஏரி 22 அடியைத் தொட்டது. மதகைத் திறந்தார்கள். ஐந்தே வருஷத்தில் வெள்ளம், வறட்சி, மறுபடியும் வெள்ளம்!

இந்த மூன்றில் எதை வரைவது? கரையில் உட்கார்ந்து யோசித்தேன். வெள்ளத்தை வரைந்தால் அத்தை முகத்தைத் திருப்பிக்கொள்வார். நிறைந்த ஏரி காலண்டர் படம் மாதிரி ஆகிவிடும். மதகுப் பக்கம் பார்வை போனபோதுதான் அந்த அளவுகோல் தென்பட்டது. தண்ணீர் எத்தனை அடி நிற்கிறது என்று காட்ட எண்கள் போட்டு நிறுத்தியிருக்கிறார்களே, அதுதான். 2019-ல் இந்த அளவுகோல் என்ன செய்துகொண்டிருந்திருக்கும்? வெடித்த மண்ணில், ஒரு சொட்டும் இல்லாத இடத்தில், எல்லா எண்களையும் காட்டிக்கொண்டு சும்மா நின்றிருக்கும். யாரும் வந்து பிடுங்கி எறியவில்லை. படம் கிடைத்துவிட்டது! வெடித்த தரை, நடுவே அளவுகோல், அதன் காலடியில் விரல் அகலத்துக்குத் தண்ணீர்.

பின்விளக்கின் சொந்தக்காரன்

எந்த வண்ணத்தில் வரைவது? நீர்வண்ணம் தண்ணீரில் கரையும், அது ஆகாது. எண்ணெய் வண்ணம் காய நாள்கணக்காகும்; எனக்குப் பொறுமை கிடையாது. கடைக்காரர் அக்ரிலிக்கை எடுத்து வைத்தார்.

பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். வீட்டுச் சுவருக்கு எமல்ஷன் அடிக்கிறார்களே, அதில் நல்ல ரகங்களுக்கு இது நெருங்கிய சொந்தம். அத்தை மகன் ஒரகடத்துப் பக்கம் வேலை பார்க்கிறான். அவனிடம் சொன்னபோது, "அண்ணா, காரின் பின்விளக்குச் சிவப்பு மூடியும் அக்ரிலிக்தான், தெரியுமா?" என்றான். உண்மைதான். ஒரே குடும்பத்துப் பிளாஸ்டிக். ஜெர்மனியில் ஆட்டோ ரோம் என்ற ரசாயன நிபுணர் 1901-ல் இந்த வகைப் பொருள்களைப் பற்றி ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினார். 1933-ல் அவருடைய கம்பெனி கண்ணாடி போன்ற அக்ரிலிக் தகட்டைக் கொண்டுவந்தது. ஓவியர்களுக்கென்று தண்ணீரில் கலக்கும் அக்ரிலிக் வண்ணம் 1955-ல் அமெரிக்காவில் கடைக்கு வந்தது.

அது எப்படி வேலை செய்கிறது? பாலில் கொழுப்புத் துளிகள் மிதக்கின்றன அல்லவா? அதுபோல இதில் கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் துளிகள் தண்ணீரில் மிதக்கின்றன. கூடவே வண்ணப்பொடி. பூசியதும் தண்ணீர் காற்றில் போய்விடும். துளிகள் ஒன்றையொன்று நெருங்கி, ஒட்டி, ஒரே தோலாகிவிடும். வண்ணப்பொடி அந்தத் தோலுக்குள் மாட்டிக்கொள்ளும். பிறகு தண்ணீர் ஊற்றினாலும் கரையாது. ஈரத்தில் பால் கலந்த மாதிரி வெளுத்துத் தெரியும். காய்ந்தால் ஒரு படி கறுக்கும். இதை முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள், இல்லாவிட்டால் என்னைப்போல் வானம் இருட்டிவிடும். இன்னொன்று: தூரிகையை உடனே கழுவ வேண்டும். நான் காப்பி குடித்துவிட்டு வந்தேன். தூரிகை குச்சியாகிவிட்டது.

எனக்கு வேண்டியது வெறும் வண்ணம் மட்டும் அல்ல. மண் வெடித்தது கைக்குத் தட்டுப்பட வேண்டும். மேடும் பள்ளமுமாகக் குழம்பு பூசி, அதன்மேல் வண்ணம் ஏற்றும் ஓவியங்கள் இப்போது நிறைய வருகின்றன. புது நாகரிகம் என்று நினைத்துவிடாதீர்கள். நம் தஞ்சாவூர் ஓவியம் என்ன? சுண்ணாம்புக்கல் பொடியையும் பிசினையும் குழைத்து மேடு எழுப்பி, கல் பதித்து, தங்கத் தகடு ஒட்டுகிறார்கள். அந்தக் குழம்புக்கு மக்கு என்று பெயர். கிருஷ்ணனின் கழுத்து மாலையைக் கண்ணை மூடிக்கொண்டு தொட்டால்கூடத் தெரியும்!

நானும் மக்குக் குழைத்தேன். சாக் பவுடர் இரண்டு பங்கு, ஃபெவிகால் ஒரு பங்கு, வெள்ளை வண்ணம் ஒரு பங்கு. இட்லி மாவைவிடக் கெட்டியாக இருக்க வேண்டும். பூசுவதற்கு ஒரு சின்னக் கத்தி விற்கிறார்கள். கொத்தனார் கரணைக்குத் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். பலகைக்கு முதலில் வெள்ளைப் பூச்சு ஒன்று கொடுத்துக் காயவிட்டு, அதன்மேல் மக்கைப் பூசினேன். மொத்தச் செலவு ஐந்நூறு ரூபாய்க்குள் அடங்கிவிட்டது.

வெடிக்க மறுத்த தரை

முதல் பலகை வெடிக்கவே இல்லை. விடியற்காலையில் எழுந்து ஆசையாகப் போய்ப் பார்த்தால் வழவழவென்று சர்க்கரைப் பொங்கல் மாதிரி இருந்தது. பசை அதிகம்.

ஏரி ஏன் வெடிக்கிறது என்பதை அப்போதுதான் யோசித்தேன். களிமண் தண்ணீரைக் குடித்து உப்பியிருக்கும். வெயில் அடித்ததும் மேல்மண் முதலில் காய்ந்து சுருங்கும். அடிமண் ஈரமாக இருப்பதால் சுருங்க மறுக்கும். மேல்மண்ணை நாலா பக்கமும் இழுத்தால் என்ன ஆகும்? கிழியும். அதுதான் வெடிப்பு. பூச்சு தடிப்பாக இருந்தால் பெரிய பெரிய ஓடுகள். மெல்லியதாக இருந்தால் சின்னச் சின்ன ஓடுகள். பசை கூடினால் அது ரப்பர்போல இழுவைத் தாங்கிக்கொள்ளும்; வெடிக்காது.

ஆகவே இரண்டாவது பலகையில் பசையைக் குறைத்தேன். மின்விசிறிக்கு அடியில் வைத்தேன். அடடா! மறுநாள் என்ன அழகான வெடிப்பு! அசல் செம்பரம்பாக்கம்! கையில் எடுத்துக்கொண்டு எல்லோருக்கும் காட்ட ஓடினேன். நடுவழியில் ஏரியில் பாதி பொலபொலவென்று உதிர்ந்து தரையில் விழுந்தது. பசை போதவில்லை.

அந்த வாரம் எனக்கு மனசே இல்லை. இந்த வேலை நமக்கு வராது என்று மூட்டை கட்டி வைத்துவிட்டேன். வெறுப்பில் ஒரு நாள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஈஞ்சம்பாக்கம் போனேன். அங்கே சோழமண்டலம் ஓவியர் கிராமம் இருக்கிறது. வேறு யாருடைய படத்தையாவது பார்த்து ஆறுதல் அடையலாம் என்றுதான்.

அங்கே படத்தைவிட ஒரு மனிதரின் கதை என்னைப் பிடித்துக்கொண்டது. அவர் கே. சி. எஸ். பணிக்கர். 1911-ல் கோயம்புத்தூரில் பிறந்தவர். குடும்பத்தைக் காப்பாற்றப் படிப்பை விட்டுவிட்டுத் தந்தி இலாகாவில் வேலைக்குப் போனார். அதை விட்டுச் சென்னைக் கலைப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தபோது வயது 25. மற்றவர்கள் படித்து முடித்து வேலையில் அமரும் வயது! 1957-ல் அதே பள்ளிக்கு முதல்வர் ஆனார்.

முதல்வர் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தால் ஒரு துக்கம். நன்றாக வரையும் பையன்கள் படிப்பு முடிந்ததும் தூரிகையை விட்டுவிடுகிறார்கள். படம் வாங்க ஆள் இல்லை; சாப்பிட வேண்டுமே! அதற்கு அவர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு வழி கண்டார்கள். துணியில் மெழுகு வைத்துச் சாயம் ஏற்றும் பாத்திக் போன்ற கைவேலைகளைச் செய்து விற்றார்கள். அந்தக் காசில் கடற்கரை மணலில் நிலம் வாங்கினார்கள். 1966-ல் பிறந்தது கிராமம். கைவேலை சோறு போடும். மீதி நேரம் ஓவியத்துக்கு. இது எவ்வளவு சாமர்த்தியம் பாருங்கள்! யாராவது வந்து ஆதரிப்பார்கள் என்று அவர்கள் உட்கார்ந்திருக்கவில்லை. பணிக்கர் 1977-ல் காலமானார். கிராமம் நிற்கிறது, 2009-ல் அங்கே ஒரு ஓவிய அருங்காட்சியகமும் திறந்தார்கள்.

வீட்டுக்கு வந்து மூட்டையைப் பிரித்தேன்.

உள்ளே ஒரு சூரியன்

உதிர்ந்த பலகையைக் குப்பையில் போடவில்லை. நிற்கிற ஓடுகள் நிற்கட்டும் என்று, அக்ரிலிக் பூச்சுப் பசையைத் தண்ணீர்போல் இளக்கி அவற்றின்மேல் இரண்டு தடவை விட்டேன். இடுக்குகளில் இறங்கிப் பிடித்துக்கொண்டது. பிறகு தட்டிப் பார்த்தேன். ஓர் ஓடுகூட அசையவில்லை. உதிர்ந்த இடம் பள்ளமாக இருந்தது. அது ஏரியின் ஆழமான பகுதிபோலவே அமைந்துவிட்டது! நானாக நினைத்துச் செய்திருந்தால் இவ்வளவு இயல்பாக வந்திருக்காது.

பழைய பல் சீப்பு ஒன்றால் பள்ளத்தின் ஓரத்தில் மக்கைப் பூசிக் கோடு இழுத்தேன். வடிந்த தண்ணீர் விட்டுப்போன தடம் மாதிரி வந்தது. அளவுகோலுக்கு ஒரு ஐஸ் குச்சி. அதைப் பாதியாகச் சீவி மக்கில் பதித்தேன்.

அடுத்து நிறம். கறுப்பும் செங்காவியும் கலந்து, நிறையத் தண்ணீர் விட்டு, பலகை முழுக்க ஓடவிட்டேன். வெடிப்புகளில் எல்லாம் இருட்டு இறங்கியது. ஈரம் போகும் முன்னே துணியால் மேலே ஒற்றி எடுத்தேன். மேடு வெளுத்தது, பள்ளம் கறுத்தது. காய்ந்த பிறகு மஞ்சட்காவியைத் தூரிகையில் தொட்டு, துணியில் நன்றாகத் துடைத்துவிட்டு, கிட்டத்தட்ட உலர்ந்த தூரிகையால் மேலோட்டமாக இழுத்தேன். மேடுகளின் முனையில் மட்டும் வெயில் விழுந்தது. இந்த ஒரு கட்டத்தில் நான் கொஞ்சம் கர்வப்பட்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

கர்வம் தலைக்கு ஏறியதால் ஒரு தப்புச் செய்தேன். நம்பிக்கை என்றால் சூரியன் உதிக்க வேண்டாமா என்று வானத்தில் ஒரு சிவப்புச் சூரியனைப் போட்டேன். அத்தை மகன் பார்த்துவிட்டு, "என்ன அண்ணா, எலெக்ஷன் வருகிறதா?" என்றான். அரை மணியில் காய்ந்துவிட்டது. அதன்மேல் சாம்பலும் வெள்ளையும் கலந்து வானம் பூசிவிட்டேன். எண்ணெய் வண்ணமாக இருந்தால் ஒரு வாரம் காத்திருக்க வேண்டும். நீர்வண்ணமாக இருந்தால் சிவப்பு கலங்கி மேலே வந்திருக்கும். அக்ரிலிக்கில் தப்பின்மேல் அடுத்த பூச்சு நிற்கிறது. அந்தச் சூரியன் இன்னும் உள்ளேதான் இருக்கிறது. பக்கவாட்டில் வெளிச்சம் விழுந்தால் வானத்தில் வட்டமாக ஒரு மேடு தெரியும்.

கடைசியில் நீலம். அளவுகோலின் காலடியில் ஒரே ஒரு கோடு. மூன்று தடவை பூசி மூன்று தடவை மறைத்தேன். முதல் கோடு ரிப்பன் மாதிரி இருந்தது. இரண்டாவது, நீல மை கொட்டிய மாதிரி. மூன்றாவதில் வானத்துச் சாம்பலைக் கொஞ்சம் கலந்த பிறகுதான் தண்ணீர், தண்ணீர் ஆயிற்று.

அத்தையின் கேள்வி

படத்தை எடுத்துக்கொண்டு போனேன். அத்தை மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசல் வெளிச்சத்தில் பார்த்தார். அப்புறம் விரலால் தடவினார். வெடிப்பு வெடிப்பாக விரல் போயிற்று.

"அந்த வருஷம் இப்படித்தான் கிடந்தது. மாடு குறுக்கே நடந்து போச்சு" என்றார். அளவுகோலைத் தொட்டார். "இதிலே எத்தனை அடி தண்ணி?"

"ஓர் அடிகூட இல்லை அத்தை. இப்போதுதான் வர ஆரம்பிக்கிறது."

"ஊம்" என்றார். பிறகு அவருக்கு வேண்டிய கேள்வியைக் கேட்டார். "தண்ணி பட்டா இது போயிடுமா?"

பொய் சொல்லத் தோன்றவில்லை. "மேலே இருக்கிற வண்ணம் கரையாது அத்தை. ஈரத்துணியால் துடைக்கலாம். ஆனால் நாள்கணக்கில் ஊறினால் உள்ளே பசை இளகும். பலகையும் உப்பிக்கொள்ளும்" என்றேன்.

மாமா படத்துக்குப் பக்கத்தில், உத்தரத்தை ஒட்டி மாட்டலாம் என்று ஸ்டூலை இழுத்தேன். அத்தை தடுத்துவிட்டார். பழுப்புக் கோட்டுக்குக் கீழே, இத்தனை வருஷமாகச் சும்மா இருந்த ஆணியைக் காட்டினார்.

"அங்கேயா? பலகை உப்பும் என்றேனே அத்தை?"

"உப்பினா என்னடா? அன்னைக்கு வாசக்கதவு உப்பிக்கிட்டுத் திறக்கவே இல்லே. கழற்றி வெயில்லே போட்டோம். இன்னைக்கும் அதே கதவுதானே? கொஞ்சம் உரசும், அவ்வளவுதான். மாட்டு."

மாட்டினேன். அத்தை காப்பி போட உள்ளே போனார். போகிற வழியில் அந்தக் கதவைத் தோளால் ஒரு தள்ளுத் தள்ளினார். உரசிக்கொண்டே திறந்தது.